கிழமைப் பூட்டு போட்ட போன்

என் மகளின் போன் உடைந்துபோன செய்தி, முன்பின் தெரியாத ஒரு எண்ணிலிருந்து எனக்கு வந்தது. "அம்மா, நான்தான். பதறாத" என்று ஆரம்பித்தாள். பதறாதே என்று ஆரம்பித்த எந்தப் பேச்சும் நல்லபடியாக முடிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"பாசி எடுக்கறவங்களோட பேசிக்கிட்டு இருந்தப்ப கால் லேசா வழுக்கிச்சும்மா. கணுக்கால் அளவு தண்ணிதான். வலது கையில சின்னதா ஒரு அடி, ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துர்றேன். போன்தான் பாறையில விழுந்து போச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"எந்தச் செருப்பு போட்டிருந்த?" என்று கேட்டேன்.

பயம் வந்தால் எனக்கு வாயில் இந்த மாதிரி ஏதாவதுதான் வரும்.

அவள் சமூகப்பணியில் முதுகலை கடைசி வருஷம் படிக்கிறாள். ராமேஸ்வரம் கடலில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். கடலுக்கடியில் பாறையைப் பற்றி வளர்கிற பாசி அது. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கிப் பறித்து வருவார்கள். இவள் கரையோரப் பாறைகளில் அவர்கள் பின்னாலேயே அலைந்து, அவர்கள் சொல்வதையெல்லாம் போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

எங்களுக்குச் சொந்த ஊர் சிக்கல் பக்கம். இப்போது ராமநாதபுரத்தில் வீடு. கடல் ஒன்றும் எங்களுக்குத் தூரம் இல்லை. ஆனால் நாங்கள் கடலில் இறங்குவது அமாவாசைக்கு, தேவிபட்டினத்திலோ சேதுக்கரையிலோ, அதுவும் முழங்கால் வரைக்கும்தான். அதற்கு மேல் உள்ள கடலை நான் வகுப்பறைச் சுவரில் தொங்கும் நீல நிறமாகத்தான் அறிவேன். நான் புவியியல் ஆசிரியை.

கையில் மாவுக்கட்டோடும், தோளில் ஈரம் காய்ந்து உப்புப் பூத்த பையோடும் வந்து இறங்கினாள். கட்டைப் பார்த்து நான் அழ ஆரம்பிப்பதற்குள் போனை எடுத்து மேசையில் வைத்தாள். திரை முழுக்கச் சிலந்தி வலை. சார்ஜ் போட்டதும் வெளிச்சம் வந்தது. கீழே இடது மூலையில் மட்டும் மசி கொட்டியது போலக் கறுப்பு. எங்கே தொட்டாலும் அசையவில்லை.

"எல்லாப் பேட்டியும் இதுக்குள்ளதாம்மா இருக்கு. வேற எங்கயும் எடுத்து வைக்கல. பதிவு இல்லாம எழுதினா அது ஆய்வு இல்ல, கதைன்னு எங்க மேடம் சொல்லிருவாங்க."

"கிடைக்கலேன்னா?"

"கிடைக்கலேன்னா என்ன, மறுபடியும் போய் எல்லார்ட்டயும் முதல்லருந்து கேட்டுட்டு வருவேன்."

பேனா தீர்ந்தால் வேறு பேனா வாங்குவேன் என்பது போலச் சொன்னாள். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு உலகத்தில் ஒரே ஒரு வேலைதான். அந்தப் போனுக்குள் இருப்பதை எப்பாடு பட்டாவது வெளியே எடுத்துவிட வேண்டும். இவள் மறுபடி அந்தப் பாறைப் பக்கம் போகக் கூடாது.

மறுநாள் விடியற்காலையில் அரிசி டிரம்முக்குள்ளிருந்து அலாரம் அடித்தது.

வீட்டில் அரிசி அலாரம் அடித்தால் யார் என்ன செய்ய முடியும்? நான் சாமி படத்தைப் பார்த்தேன். என் கணவர்தான் சாவகாசமாக எழுந்து வந்து டிரம்மைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டுப் போனை வெளியே எடுத்தார்.

"நீங்களா இதுக்குள்ள போட்டீங்க?"

"போன் கெட்டுப்போனா அரிசிக்குள்ள போடணும். எல்லாரும் அப்படித்தான செய்றாக."

"அது தண்ணியில விழுந்த போனுக்கு. இது பாறையில விழுந்தது."

"கடக்கரைப் பாறைதான? ஈரம் இருக்காதா?"

அவருக்கு எல்லா வியாதிக்கும் நம்ம வயல் அரிசிதான் மருந்து. காய்ச்சல் என்றால் கஞ்சி, போன் என்றால் டிரம்மு.

பேருந்து நிலையத்துப் பக்கம் செல்போன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடையில் போனைக் கொடுத்தேன். கடைக்காரர் வேறொரு போனின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"டிஸ்ப்ளே மதுரையிலருந்து வரணும்க்கா. வந்து மாட்டித் தாரேன். உள்ள இருக்கறது போச்சுன்னா நம்ம பொறுப்பில்ல."

"உள்ள இருக்கறதுதான் தம்பி எனக்கு வேணும். வெளிய இருக்கறத நீங்களே வச்சுக்கங்க."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "படம் தெரியுதுல்ல? மவுஸ மாட்டிப் பாருங்க."

"போனுக்கா?"

"போனுக்குத்தான்."

விரல் நகம் அளவு ஒரு இணைப்பைக் கொடுத்தார். ஒரு முனையைப் போனில் செருக வேண்டும், மறுமுனையில் கம்ப்யூட்டர் மவுஸ். திரையில் ஒரு அம்புக்குறி வரும், அதை வைத்துத் தொட்டுக்கொள்ளலாம். அவ்வளவு சுலபமாகச் சொன்னார். நானும் அவ்வளவு சுலபமாக நம்பி வீட்டுக்கு வந்தேன்.

இணைப்பு உள்ளே போகவே இல்லை. அழுத்தினேன், திருப்பினேன், கடைக்காரரைத் திட்டினேன். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டையை உற்றுப் பார்த்தேன். உள்ளே குருணை. அரிசி டிரம்மின் அடியில் கிடக்குமே, அந்த நொய்யும் கொஞ்சம் தவிடும் சேர்ந்து கெட்டித்துப் போயிருந்தன. என் கணவர் டார்ச் பிடிக்க, நான் தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, ஒவ்வொரு நொய்யாக வெளியே எடுத்தேன்.

"நம்ம வயல்ல குருணை ரொம்ப விழுது இந்தத் தடவ" என்றார், விவசாயி.

நான் ஊக்கை அவர் பக்கம் திருப்பினேன். அவர் டார்ச்சை நேராகப் பிடித்தார்.

கடைசியில் இணைப்பு 'டக்' என்று உட்கார்ந்தது. மவுஸை நகர்த்தினேன். சிலந்தி வலைக்கு அடியில், தப்பித்த எறும்பு மாதிரி, ஒரு சின்ன அம்புக்குறி ஓடியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அம்பு வந்துருச்சு!" என்று கத்தினேன்.

உள் அறையில் வலி மாத்திரை போட்டுப் படுத்திருந்த மகள் குரல் கொடுத்தாள். "பூட்டைத் திறம்மா. ஒன்பது புள்ளி தெரியுதா?"

"தெரியுது. ஒரு மூலை மட்டும் கறுப்பு."

"நம்ம ஊர் கோயில் நவக்கிரகம் மாதிரி நெனச்சுக்க. ஞாயிறுல ஆரம்பிச்சு சனி வரைக்கும் கிழமை வரிசையா கோடு போடு. ராகு, கேது வேணாம். அவங்களுக்குத்தான் கிழமை இல்லையே."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று பேர், நடுவில் சூரியன். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இவள் சன்னதியில் நிற்காமல் ஓடுவாள் என்று, கையைப் பிடித்துக்கொண்டு கிழமைகளைச் சொல்லவைத்தபடியே சுற்றுவேன். அதைப் போய்ப் போனுக்குப் பூட்டாகப் போட்டிருக்கிறாள். எந்தக் கிரகம் எந்தத் திசை என்பது எனக்கு மனப்பாடம். சந்திரன் தென்கிழக்கு, செவ்வாய் தெற்கு, புதன் வடகிழக்கு, குரு வடக்கு, சுக்கிரன் கிழக்கு, சனி மேற்கு.

மவுஸைப் பிடித்து நிதானமாகக் கோடு போட்டேன். தவறு என்றது.

கை நடுங்கியிருக்கும் என்று மறுபடி போட்டேன். தவறு. பெருவிரலை மேசையில் ஊன்றிக்கொண்டு போட்டேன். தவறு. மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். அந்தப் போன் ஒரு தலைமையாசிரியரைப் போல என்னைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டது.

"திறந்துச்சா?" உள்ளேயிருந்து குரல்.

"திறக்கும், திறக்கும்."

"சனிக்கு எள்ளு வெளக்குப் போட்டுட்டு ஆரம்பிச்சிருக்கணும்" என்றார் என் கணவர்.

"நீங்க போய் மாட்டுக்குத் தண்ணி வைங்க."

"மாடு ஊர்லல்ல இருக்கு."

"அப்ப ஊருக்குப் போங்க."

தண்டனை முடிந்து மறுபடி முயன்றேன். மறுபடி வெளியே நிறுத்தப்பட்டேன். சத்தம் கேட்டு, மாவுக்கட்டைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு மகள் எழுந்து வந்தாள். என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் போடுவதைப் பார்த்தாள்.

"அம்மா, வடக்க எங்க வச்சிருக்க?"

"மேலதான். வடக்கு வேற எங்க இருக்கும்?"

அவள் சிரித்த சிரிப்பில் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அது ஒன் வகுப்புல தொங்குற வடக்கும்மா! கோயில்ல நாம படியேறி எந்தப் பக்கம் பார்த்து நிப்போம்?"

யோசித்தேன். சன்னதிக்குக் கிழக்கில் படி. ஏறி நின்றால் மேற்கே பார்ப்போம். எதிரே சனி. இடது கைப் பக்கம் செவ்வாய், வலது கைப் பக்கம் குரு. அப்படியானால் மேலே இருப்பது மேற்கு. மேற்கை உச்சியில் வைத்து ஒரு பிள்ளை வரைபடம் போட்டிருந்தால் நான் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். வாழ்நாள் முழுவதும் அந்தச் சன்னதியைச் சுற்றி வந்தவள், அங்கேயும் மனசுக்குள் அட்லஸை விரித்து வைத்துக்கொண்டுதான் சுற்றியிருக்கிறேன்.

"சரி, இப்ப திங்கள் எங்க வரும்?"

"கீழ, இடது மூலை."

"அது கறுப்பா இருக்கே. ஒண்ணும் தெரியல."

"அமாவாசைன்னு நெனச்சுக்கம்மா. இருக்கும், தெரியாது."

நடுவிலிருந்து கறுப்புக்குள் இறங்கினேன். அங்கே சந்திரன் இருப்பார் என்ற நம்பிக்கையில் ஒரு நொடி நின்று, வெளியே வந்து செவ்வாயைத் தொட்டு, அப்படியே வெள்ளி வரைக்கும் போய், நேரே மேலேறிச் சனியில் முடித்தேன்.

திறந்தது.

எங்கள் மூன்று பேருடைய படம் வந்தது. விரிசல் மிகச் சரியாக என் முகத்தில் ஓடியது. "ஒனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார், ஊருக்குப் போகாதவர்.

பேட்டிகள் எல்லாம் இருந்தன. அவள் சொல்லச் சொல்ல நான் மவுஸால் ஒவ்வொன்றாகத் தொட்டு என்னுடைய போனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கடைசிப் பதிவு மட்டும் மிகவும் நீளமாக இருந்தது. விழுந்ததில் திரை போய்விட்டதால் பதிவை நிறுத்த முடியாமல், பேட்டரி தீரும் வரை அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது என்றாள். "அதுல பாதி வெறும் இரைச்சலாத்தாம்மா இருக்கும். நான் அப்புறம் வெட்டிக்கிறேன்." கொஞ்சம் அவசரமாகச் சொன்னாள்.

எல்லாம் வந்து சேர்ந்தாயிற்று, இனி அவள் போக வேண்டியதில்லை என்று நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். ஆனால் மறுநாள் மத்தியானம், வீட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அந்தக் கடைசிப் பதிவைப் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டேன். ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கத்தான்.

அலைச் சத்தம். ஒரு பெண் குரல், கணீரென்று.

"எங்க வீட்டுக்காரரு கடக்கரை ஆளு இல்ல பாப்பா. பரமக்குடிப் பக்கம். தண்ணின்னா அவருக்குக் கம்மாத்தண்ணிதான். நீச்சல் தெரியாது. தெரியாதுன்னு எங்கிட்ட சொல்லவும் இல்ல, ஆம்பளைல்ல? ஒரு நா எந்தம்பியோட வத்தையில, சின்னப் படகுதான், ஏறிட்டாரு. நான் அங்கன முங்கிப் பாசி எடுத்துக்கிட்டு இருக்கேன். தலையத் தூக்குறேன், வத்தை கவுந்து கெடக்கு. இவரு ஒரு கையால கவுந்த வத்தையப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால என்னயப் பாத்துக் கும்பிடுறாரு. நான் கிட்டக்க போயி…"

என் மகள் சிரிக்கிறாள். நானும் வெங்காயத்தோடு சிரித்தேன். பதிவில் அவள் சிரிப்பு பாதியில் அறுந்தது. கல்லில் ஏதோ மோதும் சத்தம், பிறகு தண்ணீர்.

"பாப்பா! ஏ பாப்பா!"

"பள்ளத்துக்குள்ள போயிட்டாடி!"

"முடியப் புடி! முடியப் புடிச்சு இழு!"

பெண்கள் கத்துகிறார்கள். அதில் என் மகள் குரல் இல்லை. அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

பிறகு அந்தக் கணீர்க் குரல், மூச்சு வாங்க: "புடிச்சுட்டேன்!" இருமல். நிறைய இருமல். அதற்குப் பிறகு அவளுடைய முதல் பேச்சு: "எங்கம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்கக்கா."

"சொன்னா என்ன?"

"இனிமே குளிக்கக்கூட வாளித்தண்ணி தரமாட்டாங்க."

எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்தக் கணீர்க் குரல் சொல்கிறது: "சொல்லமாட்டோம் தாயி. நாங்க மட்டும் எங்க வீட்ல எல்லாத்தையும் சொல்லிக்கிட்டா இருக்கோம்?"

பிறகு என் மகள் எவளோ ஒருத்தியின் போனை வாங்கி என்னிடம் பேசுகிறாள். கணுக்கால் அளவு தண்ணி. தூரத்தில், கொசு மாதிரி, என் குரலே கேட்கிறது: எந்தச் செருப்பு போட்டிருந்த? போனை வைத்ததும் ஒருத்தி, "ஒங்கம்மா செருப்பத்தான்டி கேக்குறாங்க!" என்று சொல்ல, மறுபடி ஒரே சிரிப்பு.

கண்ணீருக்கு வெங்காயம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. ஆனால் கேட்க யாரும் விழித்திருக்கவில்லை.

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கட்டுப்போட்ட கையோடு அவளால் தலை பின்ன முடியாது, நான்தான் பின்னிவிட்டேன். "வலிக்குதும்மா, எதுக்கு இப்படி இறுக்கிப் பின்ற?" என்றாள். "உறுதியா இருக்கட்டும்" என்றேன்.

பதிவுகளையெல்லாம் கேட்டு, ஒற்றைக் கையால் தட்டச்சு செய்து, ஆய்வேடு முக்கால்வாசி வந்தபோது ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரே ஒரு கதை பாதியில நிக்குது. அதுதான் முக்கியமான கதை. ஒரு தடவ மட்டும் போயிட்டு வந்துர்றேனே."

நொய் நொய்யாக நோண்டி எடுத்தது, போனுக்கு முன்னால் தண்டனை நின்றது, வடக்கை இழந்தது, எல்லாம் அவள் போகக் கூடாது என்பதற்காக. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் கவிழ்ந்த வத்தையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் கும்பிட்ட அந்த மனிதர் என்ன ஆனார் என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. அது மட்டும் இல்லை. அந்தக் கணீர்க் குரல்காரியை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

"நானும் வாரேன். மணல்ல உக்காந்துதான் பேசணும். பாறை கிடையாது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

நாங்கள் போனபோது பெண்கள் கரையேறிப் பாசியைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். குரலை வைத்துத்தான் அவளைக் கண்டுபிடித்தேன். என்னைவிட ஒரு சாண் குள்ளம். இவளா என் பெண்ணை இழுத்துப் போட்டாள் என்று இருந்தது. சிக்கலிலிருந்து கொண்டுபோன முண்டு மிளகாய்ப் பையை அவளிடம் நீட்டினேன். பை அவள் கைக்குப் போன பிறகும் நான் அவள் கையை விடவில்லை. உள்ளங்கை முழுக்கப் பாறைக் கீறல்கள்.

நான் ஒன்றுமே கேட்காதபோதே அவள் சொன்னாள்: "லேசாத்தான் டீச்சர் வழுக்குச்சு. கணுக்கால் தண்ணி. அதுல கோழிக்குஞ்சுகூட முங்காது."

கண் சிமிட்டாமல் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சொன்ன சொல்லை அப்படிக் காப்பாற்றுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

"ஆமா. சொன்னா" என்றேன்.

மணலில் உட்கார்ந்தோம். மகளின் துப்பட்டா நுனி எப்படியோ என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் இடது கையால் என் போனைப் பிடித்துப் பதிவைப் போட்டாள்.

"எங்கன விட்டேன் பாப்பா?"

"கல்யாணம் ஆன புதுசுல… இல்லக்கா, உங்க தம்பி…" மகள் தடுமாறினாள். அவளுக்கும் அந்த நாளின் அந்த இடத்துக்கு நேராகத் திரும்பிப் போகப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

"வத்தை கவுந்துருச்சு" என்றேன் நான். "ஒரு கையால அதைப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால உங்களப் பாத்துக் கும்பிடுறாரு. நீங்க கிட்டக்க போறீங்க."

பாசி அலசிக்கொண்டிருந்த கைகள் நின்றன. மகள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடியாத்தீ! டீச்சரு எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் கோழிக்குஞ்சுக் கதைக்குத் தலையாட்டிக்கிட்டு இருந்துருக்காங்க!"

"அம்மா…" என்றாள் மகள்.

"அத வீட்ல பேசிக்குவோம்" என்றேன். அவசரமாக அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினேன். "நீங்க மேல சொல்லுங்க. கிட்டக்க போனீங்க. அப்புறம்?"

"அப்புறம் என்னத்தச் சொல்ல டீச்சர்? ஒங்க மகளுக்காச்சும் முடி இருந்துச்சு. அந்த மனுசனுக்கு அப்பவே வழுக்க. காதப் புடிச்சுத்தான் கரைக்கு இழுத்துட்டு வந்தேன்!"